ஜிப்ரால்டரில் கம்பெனி தொடங்குவது எப்படி: எந்த வேலை முதலில், எது பிறகு

ஜிப்ரால்டரில் ஒரு கம்பெனியைப் பதிவதற்குச் சில நாள் போதும். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் இரண்டு மூன்று மாதத்தை எடுத்துக்கொள்ளும். புதிதாக வருபவர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறார்கள். முதலில் கம்பெனியைப் பதிகிறார்கள், பிறகு வங்கிக் கணக்குக்கு அலைகிறார்கள், கடைசியில்தான் "நமக்கு வரி எந்த நாட்டில்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரியும்போது சிலருக்குக் கம்பெனியே தேவையில்லை என்றாகிவிடுகிறது. நான் கணக்குத் தொழிலில் இருப்பவன். இந்த வேலையை அடி முதல் முடி வரை செய்திருக்கிறேன், மற்றவர்கள் இடறிய இடங்களையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து வரிசையை எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். பரப்பளவு 6.8 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை ஏறத்தாழ 34,000. ஸ்பெயினின் தென்கோடியை ஒட்டிய, பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. ஸ்பெயின் அதைத் தன் மண் என்கிறது. இந்த உரிமைச் சிக்கல் வரலாற்றுப் புத்தகத்தோடு முடிந்துவிடவில்லை. உங்கள் கம்பெனியின் வரிக் கணக்கு வரைக்கும் வருகிறது. எப்படி என்பதை இரண்டாம் படியில் சொல்கிறேன்.

1. உங்களுக்கு எந்த நாட்டில் வரி என்பதை முதலில் எழுதி வையுங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள்? கம்பெனியின் முக்கிய முடிவுகளை எங்கே உட்கார்ந்து எடுக்கப் போகிறீர்கள்? உண்மையான வேலை எந்த ஊரில் நடக்கப் போகிறது? கம்பெனியைப் பதிந்து தரும் நிர்வாக நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவதெல்லாம் இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான்.

காரணம் இதுதான். ஜிப்ரால்டரில் வரி, வருமானம் எங்கே விளைகிறது என்பதைப் பொறுத்தது. அங்கே உருவான வருமானத்துக்கு அங்கே வரி. 2024 ஜூலை 1 முதல் அந்த விகிதம் 15 சதவீதம். அதற்கு முன் 12.5, அதற்கும் முன் 10. இணையத்தில் இன்னும் 10 சதவீதம் என்றே போட்டு ஆள் பிடிக்கும் பக்கங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றைக் கண்டால் அதிலுள்ள மற்றத் தகவல்களையும் நம்பாதீர்கள்.

ஆனால் ஜிப்ரால்டர் வரி கேட்கவில்லை என்பதாலேயே வேறு நாடு கேட்காது என்று ஆகிவிடாது. கோயம்புத்தூரில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறீர்கள், பில் மட்டும் ஜிப்ரால்டர் கம்பெனி பெயரில் போகிறது என்று வையுங்கள். வேலை ஜிப்ரால்டரில் நடக்கவில்லை, அதனால் அங்கே வரி வராமல் போகலாம். இந்திய வருமான வரிச் சட்டமோ இரண்டு வழியில் கைவைக்கும். ஒன்று, கம்பெனியின் முக்கிய நிர்வாகம் உண்மையில் இந்தியாவில் நடந்தால் அந்தக் கம்பெனியே இந்தியாவில் வசிப்பதாகக் கொள்ளப்படும். ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டாத கம்பெனிகளுக்கு இந்த விதி பொருந்தாது என்று 2017ல் சுற்றறிக்கை வந்தது. பலர் அதைப் படித்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டாவது வழியை அவர்கள் பார்ப்பதில்லை. வணிகத் தொடர்பு இந்தியாவில் இருந்தால், அந்தத் தொடர்பால் வரும் லாபத்துக்கு இந்தியாவில் வரி உண்டு. இந்தியாவுக்கும் ஜிப்ரால்டருக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இல்லை. 2013ல் கையெழுத்தானது தகவல் பரிமாற்ற ஒப்பந்தம்தான். அதாவது உங்கள் கணக்கு விவரம் இந்தியாவுக்கு வர வழி இருக்கிறது, அதைக் கொண்டு வரியைக் குறைக்க வழி இல்லை.

லண்டனில் இருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். கம்பெனியின் மைய நிர்வாகமும் கட்டுப்பாடும் பிரிட்டனில் இருந்தால் அது பிரிட்டன் கம்பெனியாகவே வரி கட்டும். பிரிட்டனுக்கும் ஜிப்ரால்டருக்கும் 2019ல் போட்ட இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது. அதைக் காட்டி, ஈஸ்ட்ஹாம் வீட்டுச் சமையலறை மேசையில் நடத்தும் கம்பெனியை ஜிப்ரால்டர் கம்பெனி என்று சொல்லிவிட முடியாது. துபாயில் இருப்பவர்களே, அங்கேயும் 2023 முதல் 9 சதவீத நிறுவன வரி வந்துவிட்டது. நிர்வாகம் அங்கிருந்து நடந்தால் அந்தச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு தாளை எழுதிக்கொண்டு உங்கள் ஊர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

2. ஸ்பெயின் ஒப்பந்தத்தின் நான்கு கேள்விகள்

வழிகாட்டி என்று எழுதுபவர்களில் பெரும்பாலோர் தவிர்த்துவிடும் படி இது. நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வதும் இதில்தான்.

ஜிப்ரால்டரை முன்வைத்து ஸ்பெயினும் பிரிட்டனும் 2019ல் ஒரு வரி ஒப்பந்தம் போட்டன. 2021 மார்ச் 4 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஜிப்ரால்டரில் பதிந்து, ஜிப்ரால்டரிலேயே நிர்வகித்தாலும், கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் அந்தக் கம்பெனிக்கு வரிக்கணக்கில் வீடு ஸ்பெயின் மட்டுமே:

கம்பெனியின் சொத்தில் பெரும்பகுதி ஸ்பெயினில் இருக்கிறதா? ஓர் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி ஸ்பெயினிலிருந்து வருகிறதா? நிர்வாகத்தை நடத்தும் மனிதர்களில் பெரும்பாலோர் ஸ்பெயினில் வரி கட்டும் குடியிருப்பாளர்களா? பங்கிலோ, வாக்குரிமையிலோ, லாபத்திலோ பெரும்பகுதி அப்படிப்பட்டவர்கள் கையில் இருக்கிறதா?

2018 நவம்பர் 16க்கு முன் பதிந்த பழைய கம்பெனிகள் சிலவற்றுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. புதிதாகப் பதியும் உங்களுக்கு அது கிடையாது.

இதில் மாட்டிய இருவரை எனக்குத் தெரியும். மென்பொருள் வேலை செய்யும் நண்பர்கள், ஆளுக்குப் பாதிப் பங்கு, இருவருமே இயக்குநர்கள். ஜிப்ரால்டரில் வீட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்பெயினின் லா லினியாவில் வீடு எடுத்தார்கள். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு எல்லையைக் கடந்து நடந்தே அலுவலகத்துக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் தினமும் அப்படித்தான் வேலைக்கு வருகிறார்கள், சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு அது இயல்பான ஏற்பாடு. ஆனால் இவர்கள் கம்பெனியின் உரிமையாளர்கள், இயக்குநர்கள். ஸ்பெயினில் 183 நாளைத் தாண்டியதும் இருவரும் ஸ்பெயின் வரிக் குடியிருப்பாளர்கள் ஆனார்கள். மூன்றாம் கேள்விக்கும் நான்காம் கேள்விக்கும் ஒரே நேரத்தில் "ஆம்" என்று பதில் விழுந்தது. 12.5 சதவீதம் என்று எழுதி வைத்திருந்த கணக்கு, ஸ்பெயினின் பொது விகிதமான 25 சதவீதத்தில் போய் நின்றது. வாடகையில் மிச்சமான தொகை அந்த வித்தியாசத்தில் ஒரு மூலைக்கும் காணவில்லை.

அதனால் வீடு பார்ப்பதற்கு முன்பே, கூட்டாளி சேர்ப்பதற்கு முன்பே இந்த நான்கு கேள்விக்கும் பதில் எழுதி வையுங்கள். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஸ்பெயினில் இருக்கப் போகிறார்கள் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, ஸ்பெயினில் கம்பெனி தொடங்குவதைப் பற்றி யோசிப்பதே நேர்மையான ஆலோசனை.

இன்னொன்று. 2023ல் ஸ்பெயின் வெளியிட்ட வரி ஒத்துழைப்பில்லாத இடங்களின் பட்டியலில் ஜிப்ரால்டர் இடம்பெற்றது. ஸ்பெயின் வாடிக்கையாளர் உங்களுக்குப் பணம் கட்டும்போது அவருடைய கணக்காளர் கூடுதல் தாள்கள் கேட்பார். இதை முன்பே எதிர்பார்த்து, ஒப்பந்தத்தையும் வேலை முடித்ததற்கான சான்றையும் ஒவ்வொரு பில்லோடும் சேர்த்து அனுப்பப் பழகுங்கள்.

3. உங்கள் தொழிலுக்கு உரிமம் வேண்டுமா, வாட் வருமா

நிதிச் சேவை, காப்பீடு, கிரிப்டோ, சூதாட்டம் இவற்றில் ஏதாவது ஒன்று என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குப் போதாது. முதல் மூன்றுக்கும் ஜிப்ரால்டர் நிதிச் சேவை ஆணையத்தின் உரிமம் வேண்டும், சூதாட்டத்துக்குத் தனிச் சட்டம். உரிமம் வாங்கும் வேலைக்கு முன்னால் கம்பெனி பதிவதெல்லாம் சின்ன விஷயம்.

சாதாரண வணிகம், ஆலோசனை, மென்பொருள் என்றால் உரிமம் எளிது. ஆனால் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஜிப்ரால்டரில் வாட் இல்லை என்பது உண்மை. அதனால் எங்கேயும் வாட் கட்ட வேண்டாம் என்பது பொய். பிரிட்டனில் வாட் வர வேண்டிய விற்பனையை வெளியிலிருந்து செய்யும் கம்பெனிக்கு, உள்ளூர்க் கடைக்காரருக்கு இருக்கும் விற்றுமுதல் வரம்புச் சலுகை கிடையாது. முதல் பவுண்டிலிருந்தே பதிய வேண்டி வரும். ஐரோப்பிய ஒன்றியத்து நுகர்வோருக்கு இணையச் சேவை விற்றால் அங்கும் ஒரு நாட்டில் பதிந்து வாட் கட்ட வேண்டும். இந்திய நுகர்வோருக்கு விற்றால் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. விலைப் பட்டியல் போடும் முன் இதைப் பார்க்காவிட்டால், அந்த வரி உங்கள் லாபத்திலிருந்துதான் போகும்.

பொருள் வியாபாரம் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2025 ஜூன் 11ல் எட்டிய உடன்பாட்டின்படி, ஜிப்ரால்டரில் பொருட்களுக்கு 15 சதவீதத்தில் தொடங்கி 17 வரை உயரும் ஒரு பரிவர்த்தனை வரி வருகிறது. இறக்குமதி வியாபாரத்துக்குக் கணக்குப் போடுபவர்கள் பழைய இறக்குமதித் தீர்வையை வைத்துப் போடாதீர்கள்.

4. வங்கியிடம் கம்பெனிக்கு முன்பே பேசுங்கள்

கம்பெனிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கு இல்லாமல் ஒரு வருடம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுக் கட்டணம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் வங்கிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவற்றில் தனியார் செல்வந்தர்களுக்கானவற்றைக் கழித்தால் சிறு கம்பெனிக்குக் கதவு திறப்பவை இன்னும் குறைவு. அரசுக்குச் சொந்தமான ஜிப்ரால்டர் இன்டர்நேஷனல் பேங்க் 2015ல் திறந்ததே இந்தக் குறையைச் சரிசெய்யத்தான்.

வங்கி கேட்கும் முதல் கேள்வி: "ஏன் ஜிப்ரால்டர்?" வரி குறைவு என்பது பதிலாகாது. அந்தப் பதிலைச் சொன்ன விண்ணப்பம் அத்தோடு நின்றுவிடும். அங்கே ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், அங்கே ஆள் வைத்து வேலை செய்யப் போகிறேன், என் துறையின் நிறுவனங்கள் அங்கே குவிந்திருக்கின்றன என்பது போன்ற உண்மையான காரணம் வேண்டும். காரணம் இல்லையென்றால், இந்த ஊரில் கம்பெனி வைக்க உங்களுக்கு உண்மையில் தேவை இல்லை என்று பொருள்.

எதிர்பார்க்கும் விற்றுமுதல், யாரிடமிருந்து பணம் வரும், யாருக்குப் போகும், முதலீட்டுப் பணம் எப்படிச் சம்பாதித்தது என்பதை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். நிலம் விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, பணம் வங்கியில் ஏறிய பக்கம் மூன்றும் வேண்டும். 2022 ஜூனில் ஜிப்ரால்டர் சர்வதேசக் கருப்புப் பணக் கண்காணிப்பு அமைப்பின் சாம்பல் பட்டியலில் விழுந்து, 2024 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அந்தப் பட்டியலுக்கு மறுபடி போகக் கூடாது என்று வங்கிகள் மிகக் கவனமாக இருக்கின்றன.

எழுத்தில் உறுதி யாரும் தரமாட்டார்கள். "இந்தத் தாள்கள் இருந்தால் விண்ணப்பத்தைப் பரிசீலிப்போம்" என்ற அளவுக்குப் பதில் வந்தாலே அடுத்த படிக்குப் போகலாம்.

கையோடு ஒரு சிறு எச்சரிக்கை. ஜிப்ரால்டர் பவுண்டும் பிரிட்டன் பவுண்டும் ஒரே மதிப்பு. ஆனால் ஜிப்ரால்டர் நோட்டை லண்டன் கடையில் நீட்டினால் பொதுவாக வாங்கமாட்டார்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

5. தாள்கள்: நம்மவர்கள் பெயரில்தான் இடறுகிறோம்

கடவுச்சீட்டின் சான்றிட்ட நகல், மூன்று மாதத்துக்குள் வந்த முகவரிச் சான்று, வங்கியின் அறிமுகக் கடிதம், தொழில் விவரக் குறிப்பு, பணத்தின் மூலம். இயக்குநர், பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் இது வேண்டும். பட்டியல் சின்னதுதான். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போகும் கோப்புகள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் பெயரே காரணம்.

பெயர் முருகன், அப்பா பெயர் ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டில் "முருகன் ராமசாமி" என்று முழுவதும் முதல் பெயர்க் கட்டத்தில் இருக்கிறது, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. பான் அட்டையில் "ராமசாமி முருகன்". பட்டச் சான்றிதழில் "ஆர். முருகன்". மின்வாரிய ரசீது இன்னும் தாத்தா பெயரில் வருகிறது. இந்த நான்கையும் மேசையில் பரப்பும் ஒரு வெளிநாட்டுச் சரிபார்ப்பு அலுவலருக்கு நான்கு வெவ்வேறு ஆட்கள் தெரிகிறார்கள். குடும்பப் பெயர் இல்லாமல் அவருடைய கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. அவர் "ராமசாமி"யைக் குடும்பப் பெயராக அடித்துவிடுவார். அதன் பிறகு பங்குப் பதிவேட்டில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று ஒரே மனிதர் இரண்டாகிவிடுவார்.

எனவே இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்புங்கள். அதுவரை வேறு எதையும் அனுப்பாதீர்கள். அடுத்து பான், வங்கிக் கணக்கு இரண்டையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே மாற்றுங்கள். மாற்ற முடியாத சான்றிதழ்களுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்குங்கள். முகவரிச் சான்றுக்கு மின்வாரிய ரசீதை விட்டுவிடுங்கள். உங்கள் பெயரில் வரும் வங்கிக் கணக்கு அறிக்கையே போதும். ஆனால் அதில் உள்ள முகவரி, எழுத்து விடாமல், விண்ணப்பத்தில் எழுதும் முகவரியோடு ஒத்துப்போக வேண்டும். "நெ. 12/5, பழைய எண் 7" என்ற இடத்தில் பழைய எண்ணை விட்டதற்காக ஒரு கோப்பு இரண்டு வாரம் நின்றது.

நகலுக்கு நோட்டரி சான்றிடும்போது "மூலத்தைப் பார்த்தேன், இது உண்மையான நகல்" என்ற வாசகம், நோட்டரியின் முழுப்பெயர், பதிவு எண், தேதி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். முத்திரை புகைப்படத்தின் மீது விழுந்து முகத்தை மறைத்தால் திருப்பி அனுப்புவார்கள். அபோஸ்டில் (தாள் வெளிநாட்டில் செல்லும் என்ற அரசுச் சான்று) கேட்டால் வெளியுறவு அமைச்சகத்தின் வழியாகத்தான் வாங்க வேண்டும். அதற்கான நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

6. கம்பெனி நிர்வாக நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்

கம்பெனிக்கு ஜிப்ரால்டரில் ஒரு பதிவு அலுவலகம் கட்டாயம் வேண்டும். வெளியூரில் இருப்பவர்களுக்கு அதைத் தருவதும், கம்பெனிச் செயலராக இருப்பதும், பதிவு வேலை பார்ப்பதும் உரிமம் பெற்ற நிர்வாக நிறுவனங்கள்தான். நிதிச் சேவை ஆணையத்தின் தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயரை அதில் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். நடுவில் நின்று தரகு வாங்கும் ஏஜென்ட்டுகளுக்கு அந்த உரிமம் இருக்காது. சிக்கல் வரும்போது அவர்களும் இருக்கமாட்டார்கள்.

விலையைக் கேட்கும்போது முதல் ஆண்டுத் தொகையைக் கேட்காதீர்கள், இரண்டாம் ஆண்டுத் தொகையைக் கேளுங்கள். மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) ஒன்றுக்கு எவ்வளவு, சான்றிட்ட நகலுக்கு எவ்வளவு, வேறு நிறுவனத்துக்கு மாறினால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வெளியேறும் கட்டணத்தில்தான் பலர் சிக்குகிறார்கள்.

பெயரளவு இயக்குநரை அவர்களே தருவதாகச் சொல்வார்கள். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடும் ஆளைத் தந்தால் முதல் படியில் பார்த்த பிரச்சினை எதுவும் தீராது. அவர் உண்மையிலேயே கணக்கைப் படித்து, கேள்வி கேட்டு, தேவைப்பட்டால் மறுக்கும் இயக்குநரா என்று பாருங்கள். அப்படிப்பட்டவருக்குக் கட்டணம் அதிகம், அது நியாயமான கட்டணம்.

7. இந்தியாவில் வசிப்பவர்கள்: பணம் அனுப்பும் முன் உங்கள் வங்கிக்குப் போங்கள்

பிற நாட்டில் வசிப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

2022ல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் வெளிநாட்டுக் கம்பெனியில் நேரடி முதலீடு செய்யலாம். ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற தாராள அனுப்பீட்டு வரம்புக்குள் இருக்க வேண்டும். கம்பெனி உண்மையில் தொழில் நடத்துவதாக இருக்க வேண்டும். நிதிச் சேவையில் இருக்கக் கூடாது, உங்கள் கட்டுப்பாட்டில் துணைக் கம்பெனி வைத்திருக்கக் கூடாது. எந்த வடிவச் சூதாட்டத்திலும் நேரடி முதலீடு செய்ய முடியாது. இணையச் சூதாட்டம் ஜிப்ரால்டரின் பெரிய தொழில்களில் ஒன்று என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். அந்தத் துறையில் பங்கு தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் இந்தியாவில் இருந்துகொண்டு போகாதீர்கள்.

உங்கள் அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் எஃப்சி படிவத்தைக் கொடுத்துத் தனி அடையாள எண் வாங்கிய பிறகுதான் பணம் போக வேண்டும். இங்கே நடக்கும் பெரிய தவறு: "பங்குத்தொகை நூறு பவுண்டுதானே, நாங்களே கட்டிவிட்டோம், பிறகு தாருங்கள்" என்று நிர்வாக நிறுவனம் உதவியாகச் செய்துவிடும். அந்த நிமிடமே நீங்கள் விதியை மீறிவிட்டீர்கள். தொகை சிறிது என்பதால் மீறல் மறைந்துவிடாது. இதை வேண்டாம் என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.

பங்குச் சான்றிதழை ஆறு மாதத்துக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். பிறகு வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை. கம்பெனி ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை என்றாலும் அதை நிரப்ப வேண்டும். கருப்புப் பணச் சட்டம் 2015ன்படி இதை விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். வங்கிக் கணக்கு விவரங்கள் நாடுகளுக்கிடையே தானாகவே பரிமாறப்படுகின்றன, ஜிப்ரால்டர் அதில் முதல் அணியிலேயே சேர்ந்த இடம்.

8. பெயர், பத்திரம், பதிவு

இதற்குத்தான் எல்லோரும் முதலில் ஓடுகிறார்கள். மேலே உள்ளவை முடிந்திருந்தால் இது எளிது.

மூன்று பெயர்களை வரிசைப்படுத்திக் கொடுங்கள். ஒரே பெயரைக் கொடுத்து, அது கிடைக்கும் என்று நம்பி லோகோ வரைந்தவர்கள் உண்டு. பேங்க், இன்ஷூரன்ஸ், ராயல் போன்ற சொற்களுக்குத் தனி அனுமதி வேண்டும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இணைய முகவரி கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெயரை முடிவு செய்வதும் நல்லது.

கம்பெனிச் சட்டம் 2014ன்படி தனியார் வரையறைக் கம்பெனிக்கு ஓர் இயக்குநரும் ஒரு பங்குதாரரும் போதும், இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம். தனியாக ஒரு செயலர் வேண்டும். குறைந்தபட்ச முதலீடு என்று எதுவும் இல்லை. பங்கு மூலதனத்துக்கு முத்திரைத் தீர்வை 10 பவுண்டு மட்டுமே. அது மலிவு என்பதற்காக மூலதனத்தை லட்சக்கணக்கில் போடாதீர்கள். போட்ட பங்குக்குப் பணம் கட்டும் கடமை பங்குதாரருக்கு இருக்கிறது.

கம்பெனியின் அமைப்பையும் உள்விதிகளையும் சொல்லும் பத்திரங்களான மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ் இரண்டையும் நிர்வாக நிறுவனம் ஆயத்த வடிவில் தரும். கூட்டாளி இருந்தால் அந்த வடிவத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். பங்கை வெளியாளுக்கு விற்கலாமா, இருவருக்கும் வாக்கு சமமாகப் பிரிந்தால் யார் முடிவு, ஒருவர் இறந்தால் பங்கு யாருக்கு என்ற மூன்றுக்கும் பதில் அதில் இருக்க வேண்டும். நட்பு நன்றாக இருக்கும்போது பத்து நிமிடத்தில் முடிகிற பேச்சு அது.

9. சான்றிதழ் வந்த முதல் மாதம்

உண்மையான உரிமையாளர்கள் பதிவேட்டில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ கட்டுப்பாடோ உள்ளவர்களின் விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். மனைவி பெயரில், மாமா பெயரில் பங்கை வைத்துவிட்டு நீங்கள் நடத்தினால், பதிவேட்டில் வர வேண்டிய பெயர் உங்களுடையது.

வருமான வரி அலுவலகத்தில் கம்பெனியைப் பதியுங்கள். ஜிப்ரால்டருக்குள் வியாபாரம் செய்வதானால் நியாய வணிக அலுவலகத்தில் வணிக உரிமம். ஆள் வைத்தால் வேலைவாய்ப்புப் பதிவு, சம்பளத்தில் வரிப் பிடித்தம், சமூகக் காப்பீடு. வங்கி விண்ணப்பத்தையும் இதே மாதத்தில் முழுமையாகக் கொடுத்துவிடுங்கள்.

கம்பெனி வைத்திருப்பதால் அந்த ஊரில் தங்கும் உரிமை வந்துவிடாது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. மலாகாவில் இறங்கித் தரைவழியாகப் போகலாம் என்று திட்டமிடுபவர்கள், மலாகா ஸ்பெயினில் இருக்கிறது, அதற்கு ஷெங்கன் விசா (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2025 உடன்பாட்டின்படி ஜிப்ரால்டர் விமான நிலையத்திலேயே ஷெங்கன் சோதனையும் நடக்கும் ஏற்பாடு வருகிறது. டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

10. முதல் ஆண்டை நடத்துவது

போர்டு மீட்டிங்கை உண்மையாகவே ஜிப்ரால்டரில் நடத்துங்கள். ஒரு கோப்பில் நான் பார்த்தது: "ஜிப்ரால்டர் அலுவலகத்தில் நேரில் கூடினோம்" என்று ஆறு மினிட்ஸ், ஆறிலும் ஒரே பேனா, ஒரே நாளில் போட்ட கையெழுத்து போலவே இருந்தது. அந்த இயக்குநரின் கடவுச்சீட்டில் அந்தத் தேதிகளில் சென்னை விமான நிலைய முத்திரை இருந்தது. வரி அதிகாரி ஒருவர் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அதற்கு மேல் எதுவும் பேசுவதற்கில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் வைத்தாலும், அதில் உண்மையான தாள்களைப் படித்து முடிவெடுத்து, விமானச் சீட்டையும் அதே கோப்பில் போட்டு வையுங்கள்.

கணக்காண்டு முடிந்த மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் வரிப் படிவம் போக வேண்டும். முன்பணமாக வரி கட்டும் தேதிகள் பிப்ரவரி 28, செப்டம்பர் 30. இதைத் தவிர கம்பெனிப் பதிவகத்தில் ஆண்டு விவர அறிக்கையும் கணக்கும் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். வரி அலுவலகத்தில் கொடுத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். சிறு கம்பெனிகளுக்குச் சுருக்கமான இருப்புநிலைக் குறிப்பு போதும்.

கம்பெனிப் பணத்தில் வீட்டுச் செலவு செய்யாதீர்கள். கம்பெனி அட்டையில் மளிகை வாங்கினால், அதைச் சம்பளமா, கடனா, டிவிடெண்டா என்று பிறகு பிரிக்க ஆடிட்டர் எடுக்கும் நேரத்துக்கு நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும். உங்கள் சொந்த நாட்டில் அதற்கு வரியும் வரும்.

தொழில் நடக்கவில்லை என்றால் கம்பெனியை முறையாக மூடுங்கள். அறிக்கை அனுப்புவதை நிறுத்திவிட்டால் அதுவே தானாகப் போய்விடும் என்று விட்டுவிடுகிறார்கள். பெயர் நீக்கப்பட்ட கம்பெனியின் கணக்கில் மிச்சமிருக்கும் பணம் அரசுக்குப் போய்விடும், அதைத் திரும்பப் பெற நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். மூடுவதற்கு முன் செய்ய வேண்டிய வரிசை: வரிக் கணக்கை முடிப்பது, வங்கியில் உள்ளதைப் பங்குதாரருக்கு முறைப்படி மாற்றுவது, பிறகு பெயர் நீக்க விண்ணப்பம், கடைசியாக இந்தியாவில் வசிப்பவரானால் உங்கள் வங்கிக்குத் தகவல். கணக்குப் புத்தகங்களையும் மினிட்ஸ் கோப்பையும் நிர்வாக நிறுவனத்திடமிருந்து கையில் வாங்கிய பிறகே அவர்களுடைய கடைசி பில்லைக் கட்டுங்கள்.